பாலையில் ஒரு பகல்

நுழையும்முன்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு வாழ்வை வகுத்துப் பார்த்தவர்கள் தமிழர்கள். நூலில் படித்த திணையை ஒரு நாள் காலால் நடந்து அறிய முற்பட்ட ஆசிரியர் ஒருவரின் பட்டறிவு இக்கட்டுரை.

*

பாலைத் திணையை 28 ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். கரும்பலகையில் கட்டம் வரைவேன். நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது, தெய்வம், மக்கள், தொழில், உரிப்பொருள் என வரிசையாக எழுதுவேன். சிறுபொழுது என்னும் இடத்தில் ‘நண்பகல்’ என்று எழுதிவிட்டு, மின்விசிறியின் கீழ் நின்றுகொண்டு அடுத்த திணைக்குச் செல்வேன். மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் அந்த வினாவுக்கு யாரும் மதிப்பெண் இழந்ததில்லை.

என் மகள் பொறியாளர். ஓமன் நாட்டின் தலைநகர் மஸ்கட்டில் பணிபுரிகிறாள். விடுமுறை நாள்களில் மலையேறுவது அவள் வழக்கம். சென்ற ஜனவரியில் ஒரு நாள் ஒளிப்படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். மரமோ புல்லோ இல்லாத சாம்பல் நிற மலைமுகட்டில், தோளில் பையுடன் அவள் நின்றுகொண்டிருந்தாள். அது ஜெபல் ஷம்ஸ். ‘ஞாயிற்று மலை’ என்பது அப்பெயரின் பொருள். ஓமனின் மிக உயர்ந்த மலை அது. ஏறத்தாழ மூவாயிரம் மீட்டர் உயரமுடையது. ‘தனியாகத்தான் வந்தேன் அம்மா’ என்று படத்தின் கீழ் எழுதியிருந்தாள்.

படத்தைப் பார்த்த பெருமிதத்தை அந்த ஒரு தொடர் விழுங்கிவிட்டது. உடனே அழைத்துக் கடிந்துகொண்டேன். வெயிலில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள், கால் பிசகினால் யார் தூக்குவார்கள் என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் இறுதியில் அமைதியாகக் கேட்டாள்: “அம்மா, நீ எத்தனையோ ஆண்டுகளாகப் பாலையைப் பாடம் நடத்துகிறாய். ஒரு நாளாவது அதில் நடந்திருக்கிறாயா?”

என்னிடம் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் சினம் வந்து அமர்ந்துகொள்கிறது. அன்றிரவு அவள் நீண்ட செய்தி ஒன்றை அனுப்பினாள். முதல் வரியைப் படித்தேன். தன் செயலுக்கு நியாயம் கற்பிக்கிறாள் என்று எண்ணி அப்படியே மூடிவிட்டேன். அதன்பின் எங்கள் உரையாடல் ‘சாப்பிட்டாயா’, ‘சாப்பிட்டேன்’ என்னும் அளவிற்குச் சுருங்கிப்போனது. மூன்று மாதங்கள் இவ்வாறே சென்றன.

உறையூரிலிருந்து தெற்கே

ஏப்ரல் இறுதியில் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். கணவர் தம் தமக்கையைக் காணத் தஞ்சாவூர் சென்றிருந்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அன்று காலை சமையலறையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, ‘இன்று நார்த்தாமலைக்குப் போனால் என்ன?’ என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி, தயிர்சோற்றுப் பொதி, உறையூர்த் தறியில் நெய்த பருத்தித் துண்டு ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொண்டேன். புறப்பட்டபோது மணி எட்டரை. வழியில் வெக்காளியம்மன் கோயிலில் ஒரு கணம் நின்றேன். அந்தக் கருவறைக்குக் கூரை இல்லை. வெயிலையும் மழையையும் தலையில் ஏற்றுக்கொண்டே அம்மன் வீற்றிருக்கிறாள். அன்று அது எனக்கு ஒரு பக்தியுணர்வாக மட்டுமே பட்டது, எச்சரிக்கையாகப் படவில்லை.

நார்த்தாமலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. உலகப் புவியியலார் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தைப் பாலைவனம் என்பர். அந்த அளவுகோலின்படி தமிழ்நாட்டில் பாலைவனம் இல்லை. தொல்காப்பியமும் தெய்வம் சுட்டி நிலம் கூறும்போது காடு, மலை, வயல், கடல் என நான்கையே கூறுகிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. எனவே தமிழரின் பாலை நிலவரைபடத்தில் நிலையாக இருக்கும் ஓர் இடமன்று. ஒரு நிலத்தின் மேல் வந்து செல்லும் காலம்.

அந்தக் காலத்தைக் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்து கடந்த வழி, எங்கள் உறையூரிலிருந்துதான் தெற்கே செல்கிறது. உறையூரில் தங்கிப் புறப்பட்டவர்கள், எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையோனிடம் மதுரைக்கு வழி கேட்கின்றனர். கொடும்பாளூரைக் கடந்தபின் வழி மூன்றாகப் பிரியும் என்று அவன் கூறுகிறான். வலப்புற வழி சிறுமலைப் பக்கமாகவும், இடப்புற வழி அழகர்மலைப் பக்கமாகவும் செல்லும். அவர்கள் இடைப்பட்ட வழியில் செல்கின்றனர். கொடும்பாளூர் இன்று திருச்சிராப்பள்ளி – மதுரை நெடுஞ்சாலையில், விராலிமலைக்கு அப்பால் உள்ளது. அதற்குக் கிழக்கே, புதுக்கோட்டைச் சாலையை ஒட்டி நார்த்தாமலைக் குன்றுகள் இருக்கின்றன. வழி வேறாயினும் வெயில் ஒன்றுதானே என்று எண்ணிக்கொண்டேன்.

மேலமலையில்

கீரனூரைக் கடந்து, பொம்மாடிமலையில் பேருந்திலிருந்து இறங்கிக் கிளைச்சாலையில் நடந்தேன். ஊரைத் தாண்டி மேலமலையின் அடிவாரத்தை அடைந்தபோது மணி பத்தே முக்கால். சில நூறு அடி உயரமே உடைய குன்றுதான் அது. ஜெபல் ஷம்ஸின் முன் அது ஒரு கூழாங்கல். ‘இதற்கா அஞ்சுவது?’ என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

வழியெங்கும் காரைமுள்ளும் உசிலும் மண்டியிருந்தன. இலையுதிர்ந்து நின்ற ஒரு சிறுமரத்தில் மட்டும் வெண்ணிறப் பூக்கள் கொத்தாகத் தொங்கின. அருகில் சென்று பார்த்தேன்; வெட்பாலை. மற்ற மரங்கள் வாடி நிற்கும் வேனிலில் பூப்பது அதன் இயல்பு. கட்டத்தில் நான் எழுதிவந்த ஒரு சொல் முதன்முறையாக மணத்தது.

சற்று ஏறியதும் பாறை தொடங்கியது. தலையருவிச் சிங்கம் சுனையைக் கடந்து மேலே சென்றால் விசயாலய சோழீச்சரம். பாறைச் சரிவில் மேற்கு நோக்கி நிற்கும் கற்றளி அது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்தது. சதுரமான வெளிச்சுவருக்குள் வட்டமான கருவறை அமைந்திருப்பது அதன் சிறப்பு. சுற்றிலும் சிறு கோயில்கள் நிற்கின்றன. சாத்தன் பூதியான இளங்கோவதி அரையர் எடுப்பித்த கோயில் மழையால் இடிந்ததாகவும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்ததாகவும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. எதிர்ப்பாறையில் இரண்டு குடைவரைகள் உள்ளன. ஒன்று, சாத்தன் பழியிலி குடைவித்த பழியிலி ஈச்சரம். அவர் மகள் பழியிலி சிறிய நங்கை அதற்கு முகமண்டபம் எடுத்தாள் என்பதையும் கல்வெட்டே சொல்கிறது. மற்றொன்று சமணர் குடகு. அதன் சுவரில் ஒரே சாயலில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன.

குடைவரை நிழலில் அமர்ந்து சோற்றுப் பொதியைப் பிரித்தேன். அப்போதே புட்டியில் பாதித் தண்ணீர் குறைந்திருந்தது. மணி பன்னிரண்டு. அங்கேயே இருந்து, வெயில் தாழ்ந்தபின் இறங்கியிருக்கலாம். ஆனால் குடைவரைக்கு மேலே மலைமுகடு தெரிந்தது. அதன் உச்சியில் நின்றால் மேற்கே கொடும்பாளூர்ப் பக்கம் முழுவதும் தெரியும். ‘நானும் தனியாகத்தான் வந்தேன்’ என்று மகளுக்கு ஒரு படம் அனுப்பலாம். அந்த எண்ணமே என்னை எழுப்பி நடத்தியது.

பாறையில் படியில்லை; வழியென்று ஒன்றுமில்லை. பிடிமானத்திற்குக் கையை ஊன்றியபோது உள்ளங்கை சுட்டது. காலைமுதல் வெயிலை வாங்கி வைத்திருந்த கல், அதை இப்போது திருப்பித் தந்துகொண்டிருந்தது. மேலிருந்து ஒரு வெயில், கீழிருந்து ஒரு வெயில். முக்கால் மணி நேரத்தில் உச்சியை அடைந்தேன். மேற்கே கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வெண்மையான வெளி. ஆங்காங்கே வற்றிய கண்மாய்கள். தொலைவில் நீர் இருப்பதுபோல் நிலம் மின்னியது. அது கானல் என்று தெரிந்தும் கண் அதையே நாடியது. கடைசி மிடறு தண்ணீரைக் குடித்தேன். படம் எடுத்தேன். அலைபேசியில் தொடர்பு கிடைக்கவில்லை.

இறங்கத் தொடங்கியபின்தான் தவறு தெரிந்தது. ஏறும்போது எல்லாப் பாறையும் மேலே இட்டுச் செல்கிறது. இறங்கும்போது எது சரிவில் முடியும், எது செங்குத்தில் முடியும் என்று தெரிவதில்லை. இருமுறை விளிம்புவரை சென்று திரும்பினேன். இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தலை வலித்தது, குமட்டியது. உடல் தன் வெப்பத்தை வியர்வையாக்கி வெளியேற்றுகிறது. கடும் வெயிலில் உழைக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்வரை வியர்வையாக இழக்கக்கூடும். நீரோடு உப்பும் வெளியேறுவதால் தசை பிடித்துக்கொள்ளும், தலை சுற்றும். இதற்கு மேலும் வெயிலில் நின்றால் உடல்வெப்பம் கட்டுமீறி ஏறும், அறிவு மயங்கும், உயிருக்கே ஊறு நேரும். இதையெல்லாம் நான் அறிவேன். அறிந்த ஒருத்தி ஒரு லிட்டர் தண்ணீரோடு நண்பகலில் பாறையில் நின்றுகொண்டிருந்தாள்.

அச்சம் அப்போதுதான் வந்தது. நான் இங்கே இருக்கிறேன் என்பது உலகில் ஒருவருக்கும் தெரியாது.

நிழலில் படித்த செய்தி

இரண்டு உருண்டைப் பாறைகளுக்கிடையே ஓராள் அமரும் அளவுக்கு நிழல் இருந்தது. அதில் ஒடுங்கினேன். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன். நேரம் பார்க்க அலைபேசியை எடுத்தவள், என்னையும் அறியாமல் மகளின் பழைய செய்தியைத் திறந்தேன். மூன்று மாதங்களுக்குமுன் ஒரு வரியோடு நிறுத்திய செய்தி.

‘அம்மா, கோபப்படாமல் படி. நான் குளிர்மாதங்களில் மட்டும்தான் மலைக்குப் போவேன். விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்குவேன். பதினொரு மணி ஆனால், உச்சி பத்தடியில் இருந்தாலும் திரும்பிவிடுவேன். இதுவரை இரண்டு முறை அப்படித் திரும்பியிருக்கிறேன். ஐந்து லிட்டர் தண்ணீர் எடுத்துப்போவேன்; பாதி இறங்குவதற்கு. உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி வைத்திருப்பேன். எந்த வழியில் ஏறுகிறேன், எந்த வழியில் இறங்குவேன் என்று தோழிகள் இருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன். மாலை நான்கு மணிக்குள் நான் அழைக்காவிட்டால் அவர்கள் காவல்துறைக்குச் சொல்லிவிடுவார்கள். தனியாகப் போகிறேன் என்றால் யாருக்கும் தெரியாமல் போகிறேன் என்று பொருள் இல்லை அம்மா. எனக்கும் பயம் உண்டு. அதனால்தான் இவ்வளவு ஏற்பாடு.’

படித்து முடித்தபோது எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அது வெயிலால் மட்டுமன்று. மூவாயிரம் மீட்டர் மலையில் தனியே ஏறிய மகளைப் பொறுப்பற்றவள் என்று ஏசினேன். அவள் வைத்திருந்த ஏற்பாடுகளுள் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அகப்பாடல்களில் பாலைவழியே தலைவனுடன் சென்றுவிட்ட மகளுக்காகத் தாயர் இருவர் வருந்துவர். நற்றாய் வீட்டில் இருந்து புலம்புவாள். செவிலி சுரத்தில் தேடிச் செல்வாள், எதிர்ப்படுவோரிடம் வினவுவாள். கலித்தொகையில் அவ்வாறு தேடிச் செல்லும் செவிலிக்கு முக்கோற் பகவர் உலகியலை எடுத்துரைத்துத் தேற்றுகின்றனர். இந்தத் துறைகளை எத்தனை முறை விளக்கியிருப்பேன்! ஆயினும் என் மகள் செய்தியில், ஒரு வரிக்கு மேல் நான் அவளைத் தேடிச் செல்லவில்லை.

கோவலன் நினைவும் வந்தது. அந்த வழியில் அவனும் நீர்வேட்கை மிக்குப் பொய்கைக்கரைக்குச் செல்கிறான். கானுறை தெய்வம் மாதவியின் தோழி வயந்தமாலையின் வடிவில் அவன்முன் தோன்றி மயக்குகிறது. தெளிந்த கோவலன், தாமரையிலையில் நீர் கொணர்ந்து கண்ணகியின் களைப்பைத் தீர்க்கிறான். பின்னர்ப் பகல் வெயில் கண்ணகியின் அடிகளுக்கு ஆகாதென்று, நிலவொளியில் இரவில் நடக்கின்றனர். காப்பிய அழகுக்காக அமைத்த காட்சி அது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்று அது வழிப்போக்கர்களின் அறிவாகத் தெரிந்தது. வெயில் தணியும்வரை அசைவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆடு அறிந்தது

எவ்வளவு நேரம் சென்றதோ, கீழே ஆட்டுமணியின் ஓசை கேட்டது. எழுந்து துண்டை வீசிக் கூவினேன். குரல் எழவில்லை, துண்டுதான் உதவியது. கீழே மர நிழலிலிருந்து மூதாட்டி ஒருவர் வெளிப்பட்டு, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் இருமுறை திரும்பிய அதே பாறையில் வெகு இயல்பாக ஏறிவந்தார்.

“ஏந் தாயி, ஒத்தையிலயா வந்தே?”

தலையசைத்தேன்.

“வீட்டுல சொல்லிட்டு வந்தியா?”

“இல்லை ஆத்தா.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தூக்குவாளியைத் திறந்து நீராகாரத்தை நீட்டினார். உப்பிட்டிருந்தது. “மடமடன்னு குடிக்காதே. வாயில வச்சு வச்சு முழுங்கு” என்றார். துண்டை வாங்கி, சிறு புட்டியிலிருந்த தண்ணீரில் நனைத்து என் கழுத்தைச் சுற்றிப் போட்டார். கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பிறருக்குக் கற்பித்தவள், சிறு பிள்ளையைப்போல் அவர் சொன்னதையெல்லாம் செய்தேன்.

“வெயிலுக்கு முந்தி மேய விடுவேன். பத்து மணிக்கு மேல அதுகளே நெழலுக்குப் போயிரும். ஆட்டுக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியலையே தாயி.”

இதைவிடத் தெளிவான பாலைத்திணை உரையை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

நிழல் நீளும்வரை இருவரும் அங்கேயே அமர்ந்திருந்தோம். மழைக்காலத்தில் இந்தப் பாறையெங்கும் நீர் வழியும் என்றார். சுனைகள் நிரம்பும், புல் முளைக்கும், ஆடுகள் அடிவாரத்தைத் தாண்டாது என்றார். பாலை மறுபடியும் குறிஞ்சியாகும் கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்குமேல் இறங்கினோம். “கறுப்பா இருக்கிறது தண்ணி ஓடுன தடம். அதுல போகாதே, செங்குத்துல கொண்டுபோய் விட்டுரும். வெளுத்துக் கெடக்கிறது மனுசக் கால் பட்ட தடம். அதுலயே வா” என்றார். அதன்பின் வழி தெளிவாகத் தெரிந்தது. அது காலையிலும் அங்கேதான் இருந்தது; எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அடிவாரத்தில் பணம் கொடுக்க முயன்றேன். அவர் வாங்கவில்லை. துண்டை மட்டும் தொட்டுப் பார்த்து, “நல்ல துணி” என்றார். அதை அவரிடமே கொடுத்தேன். தலையில் கட்டிக்கொண்டு ஆடுகளின் பின்னே சென்றார்.

அழைப்பு

வீட்டை அடைந்தபோது இரவாகிவிட்டது. கணவரிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். பிறகு மகளை அழைத்தேன். உச்சியில் எடுத்த படத்தை அனுப்பவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் கூறினேன். மறுமுனையில் நீண்ட நேரம் பேச்சில்லை. பிறகு வந்தது சினம்.

“எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று வைத்திருந்தாய்?”

“வைக்கவில்லை.”

“யாரிடம் சொல்லிவிட்டுப் போனாய்?”

“யாரிடமும் சொல்லவில்லை.”

மயங்கி விழுந்திருந்தால் யார் பார்ப்பார்கள், கால் பிசகியிருந்தால் யார் தூக்குவார்கள் என்று அவள் அடுக்கினாள். அவை என் சொற்கள். நான் இடைமறிக்கவில்லை. அவள் குரல் நடுங்கியபோதுதான், ஜனவரியில் என் குரலும் இப்படித்தான் அவளுக்குக் கேட்டிருக்கும் என்று உணர்ந்தேன். அவள் ஓய்ந்தபின், “உன் செய்தியை இன்றுதான் முழுவதும் படித்தேன்” என்றேன். “எப்போது?” என்றாள். “பாறை நிழலில்” என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

டிசம்பர் விடுமுறையில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இருவரும் நார்த்தாமலைக்குப் போகிறோம். இருள் பிரியுமுன் அடிவாரத்தில் நிற்க வேண்டும், பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது அவள் கட்டளை. தண்ணீரின் அளவையும் அவளே முடிவு செய்வாளாம்.

பள்ளி திறந்தபின் பாலைத் திணையை நடத்தும் நாள் வந்தது. வழக்கம்போல் கட்டம் வரைந்தேன். சிறுபொழுது என்னும் இடத்தில் ‘நண்பகல்’ என்று எழுதினேன். உடனே அடுத்த திணைக்குச் செல்லவில்லை. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு மாணவர்களிடம் கேட்டேன்: “மகளைத் தேடிச் செல்லும் செவிலி, வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டிருப்பாள்? கையில் எவ்வளவு தண்ணீர் கொண்டுபோயிருப்பாள்?”

வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பிறகு, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவள் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள்.

“விடியறதுக்கு முன்னாடியே போயிருப்பாங்க அம்மா” என்றாள்.